வலது பக்கம் காட்டிய அம்புக்குறி

வடிவமைப்புப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அச்சக முதலாளி கேட்டார். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் விடுவாளா? அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மென்பொருளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் படித்த பதிப்பு இப்போது எந்தக் கணினியிலும் திறக்காது. நான் செய்த தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். அவற்றுக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

நான் இந்த அச்சகத்தில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தவள். நாற்பத்து மூன்று வயது வரை என் கையில் சிவப்புப் பேனாவைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. பக்கம் அமைக்கும் வேலை பார்த்தவர் திடீரென்று வெளிநாடு போய்விட்டார். முதலாளி என் மேசைக்கு வந்து நின்றார்.

"ரீட்டா, தமிழ் ஒழுங்கா தெரிஞ்ச ஆளு அந்தக் கதிரையில உட்காரணும். நீங்கதான் உட்காரணும்."

"எனக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாதே முதலாளி."

"பேனா பிடிக்கத் தெரியுதுதானே. அது போதும்."

போதவில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. எனக்குச் சொல்லிக்கொடுக்க நியமிக்கப்பட்டவள் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். சிங்களப் பெண், பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் அவளை 'நங்கி' என்று கூப்பிட்டேன், தங்கச்சி என்று அர்த்தம். அவள் என்னை 'அக்கே' என்றாள். அவளுடைய பெயரை இங்கே எழுதலாமா என்று போன வாரம் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள்.

அவளுடைய தமிழ் அரைகுறை, என்னுடைய சிங்களமும் அப்படியே. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள். தாளில் இருக்கும் ஒவ்வொன்றையும் ஆளாக நினைத்துத்தான் பேசுவாள். நான் ஒரு பூக்கரை போட்டிருந்தால், பென்சில் நுனியால் திரையைத் தொட்டு, "இவர் யாரு? இவருக்கு இங்க என்ன வேலை?" என்பாள். பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த ஆள் போய்விட வேண்டியதுதான்.

முதல் வாரம் நான் ஒரு பெயர்ப் பட்டியலை அமைத்தேன். இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டி எல்லாப் பெயர்களையும் நேராகக் கொண்டுவந்துவிட்டேன். பெருமையாக அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஏதோ ஒரு விசையை அழுத்தினாள். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் முளைத்தன. சீனி கொட்டிய இடத்தில் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. நான் தட்டிய ஒவ்வொரு தட்டும் ஒரு புள்ளி.

"அக்கே, இவ்வளவு பேர் ஏன் இங்க?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார்.

நான் தனியாகச் செய்த முதல் வேலை நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில் ஒன்றின் திருவிழா அறிவித்தல். பூசை நேரம், தேர், காவடி என்று எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அழகாக அடுக்கினேன். பெட்டியின் வலது கீழ் மூலையில் சின்னதாகச் சிவப்பில் ஒரு கூட்டல் குறி தெரிந்தது. ஆஸ்பத்திரி அடையாளம் மாதிரி அதுவும் மென்பொருளோடு வந்த ஏதோ ஒன்று என்று நினைத்தேன். அச்சாகிப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துக் கோயில் தலைவர் அறிவித்தலைச் சுருட்டிப் பிடித்தபடி வந்தார். கோபமாக இல்லை. குழம்பிப்போய் இருந்தார்.

"என்னாங்க மிஸ், பூசை இருக்கு, தேரு இருக்கு, காவடி இருக்கு. சோத்த காணோமே? அன்னதானம் இல்லையான்னு சனம் கேக்குதுங்க. சோறு இல்லாத திருவிழாவுக்கு யாரு வருவா?"

அவர் எழுதிக்கொடுத்த தாளில் கடைசி வரியாக அன்னதானம் இருந்தது. அச்சில் இல்லை. நங்கி வந்தாள், பெட்டியின் கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆள் மாதிரி அன்னதானம் வெளியே வந்தது. இடம் போதாமல் உள்ளே மறைந்திருந்த எழுத்துக்காகத்தான் அந்தச் சிவப்புக் குறி. கணினி தன்னால் முடிந்த மட்டும் கத்தியிருக்கிறது. நான்தான் அதை அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்.

அறிவித்தல்கள் ஏற்கெனவே ஊரெல்லாம் ஒட்டப்பட்டுவிட்டன. கடைசி வரி விடுபட்டது இயந்திரக் கோளாறு என்று ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் வாய் துடித்தது. சொல்லவில்லை. "பிழை என்னோடதுதான் ஐயா" என்றேன். பிறகு மஞ்சள் தாளில் 'அன்னதானம் உண்டு' என்று மட்டும் கொட்டை எழுத்தில் நீளத் துண்டுகளாக அடித்து, ஒவ்வோர் அறிவித்தலின் மேலும் குறுக்காக ஒட்டக் கொடுத்தோம். அந்த வருடம் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம் என்று சொன்னார்கள். அடுத்த வருடம் தலைவர் வந்தபோது, "அந்த மஞ்சத் துண்ட இந்த வருசமும் தனியாவே அடிச்சுக் குடுத்துருங்க மிஸ், அதுதான் தூரத்துல தெரியுது" என்றார். நான் ஒரு முழு நாள் செலவழித்த பூ வேலைப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகுதான் நங்கி என்னை மத்தியான வேளைகளில் வெளியே கூட்டிப்போகத் தொடங்கினாள். சாப்பிட்டு முடித்ததும் பஸ் நிலையத்துக்குப் போய் நிற்போம். "எந்தப் பஸ் பேர் முதல்ல தெரிஞ்சது அக்கே? ஏன்?" என்று கேட்பாள். எனக்கு ஆரம்பத்தில் பைத்தியக்கார விளையாட்டாகத்தான் பட்டது. ஆனால் பார்க்கப் பார்க்கப் புரிந்தது. சில பலகைகளில் சிங்களம் பெரிதாக, தமிழ் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். மடுல்சீமைக்குப் போக வேண்டிய ஆட்கள் பலகையைப் பார்க்காமல் கண்டக்டர் கத்துவதைக் கேட்டுத்தான் ஏறுவார்கள். பலகை எழுதியவர் வேலையில் பாதியைக் கண்டக்டரின் தொண்டை செய்துகொண்டிருந்தது.

வெலிமடையிலிருந்து லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றி வரும் லொறிகளைப் பார்ப்போம். சாக்குகளில் தாரால் ஒற்றை எழுத்து போட்டிருப்பார்கள். எழுத்து கோணலாக இருக்கும்; ஆனால் சாக்கு எப்படிப் புரண்டு கிடந்தாலும் இறக்குகிறவருக்குத் தெரியும்படி இரண்டு பக்கமும் இருக்கும். ஆஸ்பத்திரி மருந்துக் கடதாசி உறையில் சூரியன் உதிப்பதும் உச்சியில் நிற்பதும் நிலாவும் படமாக இருக்கும். அதை வரைந்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. எத்தனை பேர் அதைப் பார்த்துச் சரியான நேரத்தில் குளிசை போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

"அழகா இருக்கா கேக்க வேணாம் அக்கே," என்பாள் நங்கி. "வேலை செய்றதா, அதைக் கேளுங்க."

இந்தப் பழக்கம் எனக்கு முற்றிப்போய்விட்டது. தேவாலயத்து ஞாயிறு பூசையில் எல்லாரும் பாட, நான் பாட்டுத்தாளின் ஓரம் எவ்வளவு அகலம் என்று விரலால் அளந்துகொண்டிருந்தேன். ஃபாதர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நான் உருகிப்போய் இருக்கிறேன் என்று நினைத்து.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் என் பெரிய தவறைச் செய்தேன். ஒன்றுமே தெரியாத காலத்தில் பயம் இருந்தது. பயத்தோடு இரண்டு தடவை பார்த்தேன். கொஞ்சம் தெரிந்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான இரண்டு லயங்களுக்கு அருகே இருக்கும் சரிவில் வெடிப்பு விட்டிருந்தது. மழை கடுமையானால் தொழிற்சாலைச் சங்கு நீளமாக ஊதும். ஊதினால் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஏற்பாடு. அதற்கு ஒவ்வொரு கதவிலும் ஒட்ட ஒரு போஸ்டர் வேண்டுமென்று தோட்டத்து நலன்புரி அதிகாரி வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். வாசகத்தை அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார்: 'மண்சரிவு அபாய எச்சரிக்கை விடுக்கப்படும் சந்தர்ப்பத்தில் குடியிருப்பாளர்கள் அனைவரும் தாமதமின்றிப் பாதுகாப்பான இடத்தை நோக்கி நகருமாறு இத்தால் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.' பாதுகாப்பான இடம் எது என்பது அடியில் சின்ன எழுத்தில். கூடவே, வலது பக்கம் போகும் ஓர் அம்புக்குறி.

என் கை துறுதுறுத்தது. கருமேகம் போட்டேன். மின்னல் போட்டேன். மேலே கறுப்பில் தொடங்கிக் கீழே சிவப்பில் கரையும் பின்னணி போட்டேன். அம்புக்குறிக்கு நிழல் கொடுத்து, தாளைவிட்டு எழும்பி நிற்பது போலச் செய்தேன். நங்கி வந்து பார்த்தாள். பென்சில் மேகத்தில் போய் நின்றது.

"இவர் யாரு?"

"மேகம். மழை வரப்போகுதுன்னு சொல்றார்."

"மழை வந்தா அவங்களுக்குத் தெரியாதா அக்கே?"

எனக்குச் சுருக்கென்றது. "நங்கி, இது நான் செய்ற வேலை. விடு" என்றேன். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள். அதற்கு முன்னால் அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

அதிகாரிக்குப் போஸ்டர் மிகவும் பிடித்துவிட்டது. ஒட்டியாகிவிட்டது, ஒத்திகை ஒன்று வைக்கப்போகிறோம், நீங்களும் வந்து பாருங்கள் என்று அழைத்தார். நான் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, அச்சகத்துக் கெமராவையும் எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் கிளம்பினேன். கதவு தோறும் என் போஸ்டர் இருக்கும் காட்சியைப் படமெடுத்து முதலாளிக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் என் நினைப்பு.

அந்த இரண்டு லயங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்பவை. நடுவில் ஒரு பாதை. பாதையின் ஒரு முனையில் கோயில். அதைத் தாண்டினால் பள்ளிக்கூடம். மறு முனையில் ஓடை, அதன் மேல் சின்னப் பாலம், அந்தப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை, தோட்டத்தார் பேச்சில் 'இஸ்டோர்'. வெடிப்பு விட்ட சரிவு அந்த ஓடைக்கு நேர் மேலே இருந்தது.

சங்கு ஊதியது. கதவுகள் திறந்தன. சனம் வெளியே வந்தது. நான் கெமராவைத் தூக்கினேன். மேல் லயத்துக்காரர்கள் எல்லாரும் கோயில் பக்கம் நடந்தார்கள். கீழ் லயத்துக்காரர்கள் எல்லாரும் ஓடைப் பக்கம் நடந்தார்கள். நடுப்பாதையில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டு நின்றன.

"எங்கடி போறீங்க?"

"பேப்பர்ல காட்டியிருக்கிற பக்கம்!"

"எங்க ஊட்டுலயும் அதே பேப்பர்தான்டி ஒட்டியிருக்கு!"

ஒரே சிரிப்பு. எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கீழ் லயத்தின் ஒரு கதவைப் போய்ப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. மேல் லயத்தில் கதவைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் பள்ளிக்கூடம். எதிரே இருக்கும் கீழ் லயத்தில் கதவைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் ஓடை. ஒரே அம்புக்குறியை இரண்டு பக்கமும் ஒட்டினால், ஒரு பக்கத்தாரைப் பள்ளிக்கூடத்துக்கும் இன்னொரு பக்கத்தாரைச் சரிவின் அடிக்கும் அனுப்பும். நிழலெல்லாம் கொடுத்து, எழும்பி நிற்க வைத்து, அவர்களை அங்கே போகச் சொன்னது நான்.

ஓடைப் பக்கம் போன கூட்டத்துக்கு முன்னால் நடந்தவள் பாக்கியம். கொழுந்து பறிப்பவள், என் வயதுதான் இருக்கும்.

"பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு சொல்லலியா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"சொன்னாங்க மிஸ், போன மாசம் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல நிக்கையில. ஆனா பேப்பர்ல இந்தப் பக்கம்தானே போட்டிருக்கு. எடத்த மாத்திட்டாங்க, இப்ப இஸ்டோருக்கு வரச் சொல்றாங்கன்னு நெனச்சோம்."

"கீழ பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கே."

"அதப் படிக்கக் கண்ணாடி வேணுங்களே. மழ கொட்டுற நேரத்துல கண்ணாடி தேடிக்கிட்டா நிப்போம்?"

அச்சில் இருப்பதை அவர்கள் அவ்வளவு நம்பினார்கள். தங்களுக்கு நேரில் சொன்னதைவிட, தங்களுக்கே தெரிந்ததைவிட, என் தாளை நம்பினார்கள். உங்கள் மூன்று பேருக்கும் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

அதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னார். "பரவாயில்ல மிஸ். இப்ப எல்லாருக்கும் வாயால சொல்லிட்டோம்தானே. அடுத்த மாசம் மெதுவா வேற அடிச்சுக்கலாம்."

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அதிகாரியே சரி என்றுவிட்டார், என் மேல் யாருக்கும் கோபமில்லை, பஸ்ஸுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. நான் போட்ட மேகம் மாதிரி இல்லை. நிஜ மேகம் வெளிறிப்போய், ஆரவாரமே இல்லாமல் இருந்தது.

"இதைக் கழற்றணும் சேர். இப்பவே."

"எல்லாத்தையுமா? கதவெல்லாம் சும்மா இருக்குமே! போட்டோ எடுத்து மேலிடத்துக்கு வேற அனுப்பணும்."

"சும்மா இருந்தா அவங்களுக்குத் தெரிஞ்ச பக்கம் போவாங்க. இது இருந்தா நான் சொன்ன பக்கம் போவாங்க."

அவர் கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே முதல் போஸ்டரை உரித்தார். பெண்கள் வாளியில் வெந்நீர் கொண்டுவந்தார்கள். மாப்பசை ஊறி ஊறி வந்தது. ஆளுக்கொரு கதவாக எல்லாரும் சேர்ந்து உரித்தோம். பாக்கியம் தன் கதவில் இருந்ததைக் கிழியாமல் எடுத்து வைத்திருந்தாள்.

"மிஸ், இந்த மேகத்த மட்டும் வெட்டி எடுத்துக்கவா? வடிவா இருக்குது."

ஒட்டாமல் மிச்சமிருந்த போஸ்டர் கட்டு ஒன்று அதிகாரியிடம் இருந்தது. அவற்றின் பின்பக்கம் வெள்ளை. ஒரு மார்க்கர் பேனா கிடைத்தது. அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில், குட்டி மேசை ஒன்றின் முன்னால் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கணினி இல்லை, எழுத்துரு இல்லை, நிழல் இல்லை. பாக்கியம் எதிரில் உட்கார்ந்தாள்.

முதலில் லயங்களையும் பாதையையும் மேலிருந்து பார்ப்பது போல ஒரு வரைபடம் போட்டேன். பாக்கியம் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாங்க இது, கோலமா?"

அதை எறிந்துவிட்டு இன்னொரு தாளில் கீழ் லயத்துக்கென்று இடப்பக்கம் அம்புக்குறி போட்டேன்.

"அம்பு வேணாங்க மிஸ். இவ்வளவும் அந்த அம்பாலதானே வந்திச்சு. நாள மறுநாளு யாராவது மாத்தி ஒட்டிட்டா?"

சரியான கேள்வி. பேனாவைக் கீழே வைத்தேன். "சரி, நீங்களே சொல்லுங்க. வெளியூர் ஆள் ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டா எப்படிச் சொல்வீங்க?"

"கோயில தாண்டிப் போனா பள்ளிக்கூடம். அவ்வளவுதானே."

"ஓடைப் பக்கம் போகக் கூடாதுன்னு எப்படிச் சொல்வீங்க?"

"ஓடைய தாண்டாதீங்கன்னு சொல்வேன். வேற எப்பிடிச் சொல்றது?"

அவள் பேசப் பேச நான் எழுதினேன். 'சங்கு ஊதினால் கோயிலைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். ஓடையைத் தாண்டாதீர்கள்.' அவ்வளவுதான் போஸ்டர். இடது, வலது எதுவும் இல்லை. எந்தக் கதவில், எந்தப் பக்கம் பார்த்து ஒட்டினாலும் ஒரே அர்த்தம். மேலே மணியோடு கோயில், அடுத்ததாகப் பள்ளிக்கூடம், கீழே ஓடையும் அதன் மேல் ஒரு குறுக்குக் கோடும் வரைந்தேன்.

எதுவும் விளக்காமல் அதைப் பாதையில் போன ஒருவரிடம் காட்டினோம். அவர் சரியாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த பெண் ஓடைப் படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, "ஓடையில சிலுவ நட்டிருக்கே, யார அங்க பொதச்சிருக்கு?" என்றாள். ஓடைக் கோட்டை வெட்டிய என் குறுக்குக் கோடு அவ்வளவு சின்னதாக, அவ்வளவு நேராக இருந்திருக்கிறது. பாக்கியம் விழுந்து விழுந்து சிரித்தாள். ஓடையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, படத்தையே அடித்துவிடுவது போல இரண்டு தடித்த சாய்கோடுகளாக மாற்றினேன். மூன்றாவது ஆளுக்குச் சந்தேகம் வரவில்லை. அதையே பார்த்துப் பார்த்து எல்லாக் கதவுகளுக்கும் கையாலேயே வரைந்தேன். கடைசிப் பஸ் போவதற்குள் எல்லாக் கதவிலும் ஒட்டியாகிவிட்டது. அதிகாரி கொஞ்சம் தூரம் தள்ளி நின்று பார்த்தார்.

"இது நோட்டீஸ் மாதிரியே இல்லையே மிஸ்," என்றார். பிறகு, "ஆனா இங்கருந்தே வாசிக்க முடியுது" என்றார்.

மறுநாள் காலை அச்சகத்துக்குப் போனதும் முதலில் நங்கியின் மேசைக்குத்தான் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "நீ மேகத்தைப் பற்றிக் கேட்டது சரி. நான் உன்னிடம் அப்படிப் பேசியது பிழை" என்றேன். அவள் கசங்கிய என் மார்க்கர் படத்தை வாங்கி மேசையில் விரித்தாள். பென்சிலை எடுத்தாள். கோயில் மேல் கொண்டுபோனாள், பள்ளிக்கூடத்தின் மேல், ஓடையின் மேல். வெளியே அனுப்ப ஆள் தேடுகிறாள் என்று தெரிந்தது. கடைசியில் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எல்லாருக்கும் வேலை இருக்கு" என்றாள்.

அவள் தந்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

அச்சுக்கு அமைக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. வழக்கப்படி சிங்களம் மேலே, தமிழ் அதற்குக் கீழே சின்னதாக வர வேண்டும். நான் அப்படியே செய்யத் தொடங்கினேன். பழகிய கை. தமிழ் வரிகள் நெருங்கி, மேல் வரியின் கால்களும் கீழ் வரியின் கொம்புகளும் இடித்துக்கொண்டன. நங்கி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த லயத்துல யாரு இருக்கிறது அக்கே?"

"தமிழ் ஆட்கள்தான்."

"அப்ப தமிழ் மேலே, பெருசா. சிங்களம் கீழே போதும், வந்து போற ஆட்களுக்கு." சொல்லிவிட்டுத் தானே மவுஸைப் பிடித்து, தன் மொழியைக் கீழே இறக்கி, என் மொழிக்கு மூச்சு விட இடம் கொடுத்தாள். அதிகாரிக்குப் போன் செய்து கேட்டோம். ஒரு கணம் தயங்கினார். ஒத்திகையை நேரில் பார்த்தவர் அல்லவா, சரி என்றார்.

அன்றைக்கு இயந்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பரீட்சைத் தாள்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். முதலாளியிடம் போய் நின்றேன். என் பிழையையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நிறுத்துங்க," என்றார். "பரீட்சை ஒரு நாள் தள்ளிப்போச்சுன்னா எந்தப் பிள்ளையும் அழப்போறதில்ல."

இரண்டே நிறம், கறுப்பும் சிவப்பும். சிவப்பு ஓடைக்கு மட்டும். அன்று பின்னேரமே கட்டு மடுல்சீமை பஸ்ஸில் ஏறியது.

மழை இரண்டு வாரம் கழித்து வந்தது. ஒரு மத்தியானம் பதுளையிலேயே கூரைத் தகரம் அதிர ஆரம்பித்தது. கொழும்பு ஆள் ஒருவருடைய கல்யாண அழைப்பிதழ் என் திரையில் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. நங்கி அவ்வப்போது யன்னலையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரியின் போன் வேலை செய்யவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று.

நாலு மணி போல என் போன் அடித்தது. தெரியாத எண். பின்னால் ஏகப்பட்ட பிள்ளைகளின் சத்தம்.

"மிஸ், பாக்கியம் பேசுறேன். ஒங்க நம்பர அன்னைக்கே வாங்கி வச்சிருந்தேன்தானே. நாங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருக்கோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும். மேல் லயம், கீழ் லயம், ரெண்டும். கணக்கு எடுத்துட்டாங்க. நாங்க வந்து கொஞ்ச நேரத்துல சரிவு எறங்கிருச்சுங்க. பாலத்தக் காணோம். ஓடையையே காணோம், மண்ணுதான் இருக்கு. ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகல மிஸ்."

நான் கதிரையில் சாய்ந்தேன். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் மனதுக்குள் நன்றி சொன்னேன். அதன் பிறகு, அவ்வளவு நடந்த பிறகும், இந்தத் தொழில்காரியின் மனது சும்மா இருக்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"போஸ்டரப் பார்த்துத்தான் போனீங்களா பாக்கியம்?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"அந்த நேரத்துல பேப்பர யாரு மிஸ் பார்த்தா? சங்கு ஊதினிச்சு, கோயில தாண்டி வந்துட்டோம். ஓடைய தாண்டக் கூடாதுன்னு சின்னதுகளுக்குக்கூடத் தெரியுந்தானே. தெனமும் கதவத் தொறக்கையில அந்தப் படம் கண்ணுல படுதே. சரி மிஸ், இங்க பிளேன்டீ குடுக்குறாங்க, நான் வக்கிறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். நங்கி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க," என்றேன். அவள் மூச்சை விட்டாள். "ஆனா போஸ்டர யாருமே பார்க்கலையாம். வழி மனப்பாடமாம்."

நங்கி ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அச்சுக்கூடத்து ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, பட் பட்டென்று கைதட்டத் தொடங்கினாள்.

"அப்ப நல்லா வேலை செஞ்சிருக்கு அக்கே!"